இடிமார்பனின் நான்காவது மரணம்

மே மாதம் ஒன்பதாம் தேதி, காலை பத்து மணி இருபது நிமிடம். பதினோரு ஆண்டுகள் தன்னோடு இருந்தவனைக் கொல்ல அனுமதி கேட்டு, பதிப்பக அறையில் ஒரு பெண்மணி அமர்ந்திருந்தார்.

"நாலாவது தடவையா கேக்கறீங்கம்மா," என்றார் பதிப்பாசிரியர்.

"மூணு தடவை கொன்னேன் சார். நீங்கதான் சாக விடல."

அவர் ஒரு கதாசிரியை. ஒன்பது பேர் ஒரே கற்பனை நகரத்தைப் பகிர்ந்துகொண்டு, ஆளுக்கொரு மாவீரனை வைத்து, ஆளுக்கொரு அத்தியாயமாக ஆண்டுக்கொரு தொகுதி எழுதிவந்தார்கள். தொகுதிதோறும் நகரம் தரைமட்டமாகும். அடுத்த தொகுதியில் கண்ணாடி மாளிகைகள் பளபளவென்று நிற்கும். இடிபாடுகளை அள்ளியது யார் என்று ஒன்பது பேரில் ஒருவரும் கேட்டதில்லை.

இவருடைய வீரன் இடிமார்பன். அவனைப் பற்றி எழுதக் கதை மிச்சமிருக்கும்வரை இவர் வேறெதையும் வெளியிடக் கூடாது என்பது ஒப்பந்தம். இவருடைய சொந்த நாவலோ ஆறு ஆண்டுகளாக மேசை இழுப்பறையில் கிடந்தது.

"போன தடவை மலையிலேருந்து தள்ளிவிட்டேன். எப்படி சார் எழுந்து வந்தான்?"

"ஏழாம் அத்தியாயத்துக்காரர் ஆத்துலேருந்து தூக்கிட்டாரு. அவரோட ஆள் தண்ணிக்குள்ள மூச்சு விடுவானே."

"அந்த மலைப்பக்கம் ஆறே கிடையாது."

"வாசகர் யாரும் கேக்கலையேம்மா."

கதாசிரியை கைப்பிரதியை அவர் முன்னால் வைத்தார். "இந்தத் தடவை எரிச்சாச்சு. சாம்பலைக் கடல்ல கரைச்சாச்சு. சாம்பல் மூச்சு விடாது."

"இரட்டைப் பிறவி யாராவது?"

"கிடையாது. அப்பா அம்மா யாரு, எங்க வளர்ந்தான்னு நான் ஒரு வரி எழுதினதில்ல. முப்பது வயசுல நேரா வானத்துலேருந்து குதிச்சவன்."

"காலத்துல பின்னாடி போற கருவி?"

"மூணாம் பக்கத்துலயே உடைச்சிட்டேன்."

பதிப்பாசிரியர் பேனாவைத் திறந்தார். பன்னிரண்டாம் தொகுதியில் இடிமார்பன் இறப்பான் என்றும், அவனை எவரும் உயிர்ப்பிக்கலாகாது என்றும் முடிவாயிற்று. இருவரும் கையொப்பமிட்டனர்.

கதாசிரியை எழுந்தார். "அப்ப நாளைக்கு என் நாவலை எடுத்துட்டு வரேன் சார்."

"அதுக்கென்ன அவசரம்? பதிமூணாம் தொகுதிக்கு, அவன் பொறந்ததுலேருந்து ஆரம்பிங்கம்மா."