தவிட்டுக்குப் போன புத்தகம்

"புத்தகத்தைக் குடுத்துத் தவிடு வாங்கினனியோ?"

தோட்டக் கணக்கு எழுதும் கிராணியான அப்பா விசுவலிங்கத்தின் குரல் உயரவில்லை. அதுதான் பாலேஸ்வரிக்குப் பயமாக இருந்தது.

சிங்கப்பூரில் விஞ்ஞானம் முதலாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தவள். ஜப்பான்காரன் வந்ததும் கல்லூரியை மூடிவிட்டார்கள். மலாயாவில் அப்பா வேலை பார்த்த லாபு ரப்பர் தோட்டத்துக்குத் திரும்பியபோது தடித்த பாடப்புத்தகம் ஒன்றும், பேராசிரியர் கொடுத்த ஆய்வுக் கட்டுரைக் கட்டு ஒன்றும்தான் கையில் மிச்சம்.

தோட்டத்தில் மரவள்ளிக்கிழங்கே சோறு. தொழிலாளர் வரிசை வீடுகளில், லயத்துக்கு லயம், ஆட்கள் கால் வீங்கிப் படுத்திருந்தார்கள்.

பொட்டலம் மடிக்கக் காகிதம் இல்லாமல் திண்டாடிய சீனக் கடை முதலாளி, தவுக்கே, இரண்டில் எதைக் கொடுத்தாலும் தவிடு தருவதாகச் சொன்னார். அவள் பாடப்புத்தகத்தைக் கொடுத்துவிட்டாள்.

"முதலாம் வருசக்காரிக்குப் பாடப்புத்தகம்தானே பிள்ளை அத்திவாரம்? கட்டுரை எல்லாம் பெரிய படிப்புக்காரருக்கு. அதைக் குடுத்திருக்கலாமே."

"பாடப்புத்தகத்தில இந்தக் கால் வீக்கத்துக்கு ஒரு வரிதான் அப்பா, சத்துக் குறைவு எண்டு. கட்டுரையில ஆருக்கு எவ்வளவு தவிடு குடுத்தது, ஆர் எழும்பி நடந்தது எல்லாம் இருக்கு."

"சனம் சிரிக்குது."

சிரிக்கத்தான் செய்தார்கள். "மாடு இல்லாத வீட்டுக்குத் தவிடு வந்திருக்கு லா," என்றாள் லயத்து மங்கம்மா.

பாலேஸ்வரி தவிட்டைச் சலித்து, கஞ்சியில் கரைத்து லயத்துக்குக் கொண்டுபோனாள். படுத்த படுக்கையாகக் கிடந்த ராக்கம்மா முகத்தைச் சுளித்துக்கொண்டே குடித்தாள்.

மெல்ல மெல்ல வீக்கம் வடிந்தது. ஒரு காலையில் ராக்கம்மா சுவரைப் பிடிக்காமல் குழாயடிக்கு நடந்து வந்தாள். சிரித்த வாய்களெல்லாம் மூடிக்கொண்டன. அடுத்த லயத்து ஆட்களும் சட்டியோடு வரத் தொடங்கினார்கள். தவிடு தீர்ந்துபோயிற்று.

கிராணியார் சைக்கிளை எடுத்தார்.

"எங்கை அப்பா?"

"தவுக்கேயிட்டை. புத்தகத்தைக் கிழிக்க முன்னம் மீட்கோணும்."

இவ்வளவையும் பார்த்த பிறகும் அப்பாவுக்குப் புத்தகம்தான் பெரிதா என்று அவளுக்கு மனம் கசந்தது.

பொழுது சாயும் நேரத்தில் அவர் மாட்டுவண்டியில் வந்து இறங்கினார். சைக்கிளைக் காணோம். வண்டி நிறைய மூட்டைகள்.

"புத்தகத்தைக் கிழிச்சுப்போட்டாரோ?"

"இல்லைப் பிள்ளை, முழுசாத்தான் கிடந்தது. சைக்கிளுக்குப் புத்தகம் வேணுமோ, தவிடு வேணுமோ எண்டு கேட்டான்."

ஒரு மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, சட்டியோடு கூடி நின்ற சனத்தைப் பார்த்துத் தொண்டையைச் செருமினார்.

"வரிசையா நில்லுங்கோ. ஆருக்கு எவ்வளவு எண்டு என்ர மகள் கட்டுரையைப் பார்த்துச் சொல்லுவாள்."