கேக் மாஸ்டரின் கைக்குட்டை

"இவர் பொய் சொல்றார் டாக்டர்" என்றாள் மனைவி. "மாத்திரை போடறார், நடக்கிறார். ஆனா சர்க்கரை மட்டும் இறங்க மாட்டேங்குது. பேக்கரியில கேக் மாஸ்டர். கையும் வாயும் சும்மா இருக்குமா?"

ஒரு மாதமாக அவர் சட்டைப்பையை அவள் துழாவாத நாளில்லை. நேற்றுதான் கைக்குட்டையில் சிவப்புக் கறை சிக்கியது. செர்ரிச் சாறேதான் என்று தடயத்தோடு வந்திருந்தாள்.

டாக்டர் கறையைப் பார்த்துவிட்டு, கணவரின் வாயைத் திறக்கச் சொல்லி விளக்கடித்தார்.

"இது ரத்தம்மா. ஈறு பூரா வீங்கிச் சீழ் வெச்சிருக்கு. அந்த அழற்சி வாயோட நிக்காது, உடம்பு முழுக்க வேலையைக் காட்டும். சர்க்கரை இறங்காததுக்கு இதுவும் காரணமா இருக்கலாம். முதல்ல பல் டாக்டரைப் பாருங்க."

அவள் கணவர் பக்கம் திரும்பினாள். "என்கிட்டகூடவா மறைக்கணும்?"

அவர் தலைகுனிந்தபடியே சொன்னார். "நான் கேக்கைத் திருடித் தின்கிறேனான்னு போன மாசம் முதலாளிக்கே போன் பண்ணிக் கேட்டவ நீ. இதையும் அவர்கிட்ட சொல்லிட்டா? வாயில ரத்தம் வர்றவனைக் கேக் பக்கம் விடுவாங்களா?"