பயமுறுத்தாத மெடூசா

"இதுக்கெல்லாம் எவன் பயப்படுவான், தம்பி? தெரு நாய்கூடப் பயப்படாது!"

எவோடஸுக்குச் சுருக்கென்றது. ஓஸ்தியா சாலையில் கல் சவப்பெட்டி செதுக்குகிறவர்களில் அவன்தான் கெட்டிக்காரன் என்று ரோமாபுரியே சொல்லும். முடிக்குப் பதில் பாம்புகள் நெளிய, முழியை உருட்டிப் பல்லைக் கடிக்கும் மெடூசா முகத்தைப் பெட்டியில் செதுக்கிவிட்டால் போதும், கெட்டது எதுவும் கிட்டே அண்டாது. அவள் முகத்தைப் பார்த்தவன் கல்லாகிவிடுவான். இந்தக் கிழவர் மாமர்கஸோ, காலையிலிருந்து பதினொரு மெடூசாக்களை வேண்டாமென்று தள்ளிவிட்டார்.

"பெட்டி யாருக்கு, பெரியவரே?"

"எனக்குத்தான். வைத்தியர் கையை விரிச்சிட்டார். காவலுக்கு நிக்க எனக்குன்னு ஒரு நாதி கிடையாது. செத்தப்புறமாவது என் பெட்டியில யாரும் கை வைக்கக் கூடாது."

எவோடஸுக்குப் பாவமாக இருந்தது. "அதுக்குத்தானே இப்படிப் பல்லைக் கடிக்கிற மாதிரி செதுக்கறேன்?"

"எனக்குச் சிரிப்புதான் வருது, ஹெர்குலிஸ் சத்தியமா! நான் ஒண்ணு பாத்திருக்கேன். முறைப்பு கிடையாது. இப்பதான் அழுது முடிச்ச மாதிரி கண்ணு. பாம்பெல்லாம் அவுந்த கூந்தலாட்டம் கிடக்கும். பெட்டி இத்தனூண்டுதான். அது மாதிரி செஞ்சு குடு."

எவோடஸின் கையிலிருந்த உளி நழுவிக் கல்தூளில் விழுந்தது.

அது அவன் மகளின் பெட்டி. ஆறு வயதில் போய்விட்டாள். கோர முகத்தைச் செதுக்கினால் பிள்ளை பயந்துவிடுவாளே என்று, பக்கத்தில் அழுதுகொண்டிருந்த மனைவியின் முகத்தையே செதுக்கிவிட்டான். இதெல்லாம் ஒரு காவலா, குழந்தையை அநாதையாக விட்டுவிட்டோமே என்று நாலு வருஷமாக அவன் மனசு அடித்துக்கொள்கிறது.

"அந்தப் பெட்டி இருக்கிற கல்லறை பூட்டிக் கிடக்கு. சாவி என் இடுப்புல இருக்கு. நீங்க எப்படிப் பாத்தீங்க?"

மாமர்கஸ் தலையைக் குனிந்துகொண்டார். தோள்பையிலிருந்து, முனை தேய்ந்த குட்டைக் கடப்பாரை ஒன்றை எடுத்து எவோடஸின் காலடியில் வைத்தார்.

"முப்பது வருஷத் தொழில், தம்பி. பல்லைக் கடிக்கிற எத்தனையோ மெடூசாவை இதாலதான் நெம்பித் தள்ளியிருக்கேன். மூடியைத் தொடாம நான் திரும்பி வந்தது, அந்த ஒரு பெட்டிகிட்ட மட்டும்தான்."