பூட்டுப் போட்ட பெட்டி

போன மின்சாரம் வந்துவிட்டது. மொன்ஸே நகர நூலகத்தின் கணினிகள் ஒவ்வொன்றாக விழிக்கின்றன. எல்லாத் திரையிலும் ஒரே நீலம், யாரும் தொட்டதேயில்லை என்பது போல. முட்டிண்டா அந்த நீலத்தில் மகளைத் தேடுகிறாள். நாளை மகளின் அடக்கம். அதைப் படமெடுக்கக் கைபேசியில் இடம் வேண்டுமென்று, அதிலிருந்த மகளின் படங்களையெல்லாம் மதியம் இந்தக் கணினியில் ஏற்றிவிட்டு அங்கே அழித்துவிட்டாள்.

"போன வாரம் ஏத்துன சர்ச் பாட்டெல்லாம் அப்படியே இருக்கே தம்பி, படம் மட்டும் எங்க?"

கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் ஹமூங்கா அவள் திரையருகே குனிகிறான். "கம்ப்யூட்டருக்குப் பூட்டு மாதிரி ஒரு சாஃப்ட்வேர் இருக்குக்கா, போன வாரம் அதை எடுத்து வச்சிருந்தேன். இன்னிக்குக் காலைலதான் திரும்பப் போட்டேன். பூட்டு இருந்தா, அணைஞ்சு எரியறப்போ புதுசா வச்ச எதையும் பெட்டி வச்சுக்காது. வைரஸ் வரக் கூடாதுன்னுதான்…"

வாசலில் அவளைத் துக்க வீட்டுக்கு ஏற்றிப்போக நிற்கும் லாரி ஹார்ன் அடிக்கிறது. ஜன்னலில் செம்மண் தூசி படிந்த வெயில் தேய்கிறது. அறையை மூட வேண்டும். ஹமூங்கா ஒவ்வொரு பெட்டியாக அணைத்துக்கொண்டு வருகிறான். அவளுடைய பெட்டியருகே வந்ததும் நின்றுவிடுகிறான். அதன் பொத்தானை உள்ளங்கையால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் முட்டிண்டா, தூங்குகிற பிள்ளையின் கண்ணில் வெளிச்சம் படாமல் மறைப்பவளைப் போல.