அணைக்கரை மீன் சாப்பாடு

"அங்க பாரு பூங்குழலி, அந்தம்மா பண்ற அதிகாரத்தை!"

அருவி இரைச்சலையும் மீறிக் கேட்கும்படி சொன்னார் கிட்டுசாமி.

கோடை மழை பெய்திருந்ததால் பஞ்சலிங்க அருவியில் தண்ணீர் நன்றாகவே விழுந்துகொண்டிருந்தது. அவர் காட்டிய பக்கம், ஐம்பது வயதிருக்கும் ஓர் அம்மாள், பாறையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். ஒரு பெண் அவளுக்குத் தலை துவட்டினாள். இன்னொருத்தி அவளுடைய ஈரத் துண்டைப் பிழிந்தாள். மூன்றாவது ஒருத்தி அவள் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

அந்தப் பெண்கள் எல்லாருக்கும் ஒரே நிற டீ-சர்ட். முதுகில் ஒரு கம்பெனியின் பெயர்.

"நம்ம திருப்பூர்ப் பனியன் கம்பெனிப் புள்ளைங்கதான். அந்தம்மா சூப்பர்வைசரா இருக்கும். இங்க வந்தும் வேலை வாங்கறா பாரு."

"நமக்கெதுக்குங்க?" என்றாள் பூங்குழலி.

பல்லடத்தில் தறி ஓட்டுகிறவர் கிட்டுசாமி. பள்ளிக்கூட லீவுக்கு மகளைக் கணியூரில் அவள் அம்மாவைப் பெற்ற அப்புச்சி வீட்டில் விட்டுவிட்டு, மனைவியோடு காரில் ஊர் சுற்றக் கிளம்பியிருந்தார்.

திருமூர்த்தி அணைக்கு வந்தால், அங்கும் அதே கூட்டம். படகில் அந்தம்மா நடுவில் உட்கார்ந்திருக்க, ஒருத்தி குடை பிடித்தாள்.

"குடைகூடவா?" கிட்டுசாமிக்குப் பொறுக்கவில்லை.

மத்தியானம் அமராவதி அணைக்கரையில் ஒரு மீன் கடையில் சாப்பிட உட்கார்ந்தார்கள். பக்கத்து மேசையைப் பார்த்ததும் கிட்டுசாமிக்குச் சோறு இறங்கவில்லை.

அதே அம்மாள். சுற்றிலும் பதினோரு பெண்கள். ஒருத்தி குழம்பு ஊற்ற, ஒருத்தி விசிற, இன்னொருத்தி கடைக்காரரைப் பார்த்து, "அண்ணே, இது ஆறிப்போச்சு. எங்கக்காவுக்குக் கல்லுல இருந்து நேரா எடுத்துட்டு வாங்க!" என்று சத்தம் போட்டாள். ஒருத்தியும் இன்னும் சாப்பிடத் தொடங்கவில்லை.

"இன்னைக்கு நான் ரெண்டு வார்த்தை கேக்காம விடறதில்ல."

"வேண்டாமுங்க" என்று பூங்குழலி சொல்வதற்குள் எழுந்து போய்விட்டார்.

"ஏனுங்கம்மா, லீவு நாள்லகூட இந்தப் புள்ளைங்கள இப்படி வேலை வாங்கறீங்களே, நல்லா இருக்குதுங்களா? அதுகளும் பசியோட இருக்கும்ல?"



அந்தம்மா முகம் மலர்ந்தாள். "அப்படிக் கேளுங்கய்யா! காலையிலருந்து நானும் இதத்தான் சொல்லுறேன். ஒரு டம்ளரத் தூக்க விட மாட்டேங்குறாளுக!" என்று தட்டோடு எழப் போனாள்.

"உக்காருங்கக்கா!"

பதினோரு குரலும் ஒன்றாக வந்தன. அந்தம்மா சட்டென்று உட்கார்ந்துவிட்டாள்.

கிட்டுசாமி விழித்தார்.

குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த பெண் கரண்டியை வைத்தாள். "என் பேரு ஜோதிகா சார். நாங்க எல்லாம் தெக்கத்திப் பக்கமிருந்து வந்து கம்பெனி ஹாஸ்டல்ல தங்கியிருக்கோம். ஒச்சம்மாக்கா எங்க மெஸ்ல சமைக்கிறவங்க. ஒம்பது வருசமா எங்களுக்கெல்லாம் போட்டுட்டு, மிச்சம் இருக்குறத ஆறினப்புறம் சாப்பிடுறவங்க."

"அப்படிங்களா..."

"ஷிப்மென்ட்டை நேரத்துக்கு முடிச்சுக் கொடுத்தோம்னு எங்க தையல் லைனுக்கு டூர் கொடுத்தாங்க. தைக்கிறவங்களுக்கு மட்டுந்தான், மெஸ் ஆளுக்கு இடமில்லைன்னாங்க. அக்கா வராட்டி எங்களுக்கும் டூர் வேண்டாம்னுட்டோம். மூணு நாள் மானேஜர் அசையல. நாங்களும் அசையல. நாலாவது நாள் அவரே மெஸ்ஸுக்கு வந்து, 'ஒச்சம்மா, நீங்களும் கிளம்புங்க'ன்னாரு!"

சொல்லி முடித்ததும் அவளுக்கே சிரிப்பு பொங்கிவிட்டது. மற்றவர்கள் மேசையைத் தட்டினார்கள். ஒருத்தி விசிலே அடித்தாள். கல்லில் மீன் புரட்டிக்கொண்டிருந்த கடைக்காரர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பெரிய துண்டாக ஒன்றை எடுத்து ஒச்சம்மாள் தட்டில் தானே கொண்டுவந்து வைத்தார்.

ஒச்சம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பாருங்கய்யா, தின்ன விடாம அழுக வைக்கிறாளுக."

"தப்பா நெனச்சுட்டனுங்க, மன்னிச்சுக்கோங்க" என்றார் கிட்டுசாமி. பெருந்தன்மையாகச் சிரித்தார். "ஒருத்தரு சொகமா உக்கார்ந்துக்கிட்டு, இன்னொருத்தர வேலை வாங்கறதப் பாத்தா எனக்கு ஆகாதுங்க. அதான் கேட்டுப்போட்டேன்."

"அதனால என்னங்கய்யா." ஒச்சம்மாள் அவர் தோளைத் தாண்டிப் பார்த்தாள். "அது உங்க வீட்டம்மாவா? அவங்களச் சாப்பிடச் சொல்லுங்க. அவங்க சோறும் ஆறிப்போச்சு."

கிட்டுசாமி திரும்பினார்.

பூங்குழலியின் தட்டில் சோறு பிசையாமல் அப்படியே கிடந்தது. தலை குனிந்து, அவருடைய மீனில் ஒவ்வொரு முள்ளாக எடுத்து, சதையை அவர் தட்டின் ஓரத்தில் வைத்துக்கொண்டிருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். அவர் இன்றைக்குத்தான் பார்த்தார்.

"அக்கா, இங்க ஒரு இடம் இருக்கு. வாங்க!" என்று ஜோதிகா பூங்குழலியைக் கூப்பிட்டாள்.

பூங்குழலி புருசன் முகத்தை ஒருமுறை பார்த்தாள். பிறகு கையைக் கழுவிக்கொண்டு வந்து, ஒச்சம்மாள் பக்கத்தில் உட்கார்ந்தாள். மேசையே ஆரவாரம் செய்தது.

"அண்ணே, இந்த அக்காவுக்கும் சூடா ஒண்ணு!"

கிட்டுசாமி தன் இடத்துக்குப் போனார். இன்னும் ஒரு மீன் முழுசாக இருந்தது. எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல் சற்று நேரம் பார்த்துவிட்டு, மெதுவாக முள் எடுக்கத் தொடங்கினார்.