ஏறினால் ஏறட்டும்

காற்றை அடிக்கப் போன நர்ஸின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

கொஞ்சம் பொறு என்றாள்.

நர்ஸ் ஜெபசெல்விக்கு ஒன்றும் புரியவில்லை. பிரஷர் பார்க்கப் பட்டையைக் கட்டியாகிவிட்டது. ரப்பர் பம்பு அவள் உள்ளங்கையில் இருந்தது.

டாக்டரின் மேஜைக்கு முன்னால், பக்கத்தில் இருந்த மகன் சங்கரபாண்டியன் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டான். அம்மா எதற்கோ துணிந்துவிட்டாள் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

மார்பில் இருப்பது வெறும் கொழுப்புக் கட்டி என்று வீட்டில் அவளிடம் சொல்லிவைத்திருந்தார்கள். ஊசி குத்தி எடுத்துப் பார்த்தது சும்மா ஒரு சந்தேகத்துக்காம். உண்மையைச் சொன்னால் அம்மாவுக்கு பிரஷர் ஏறிவிடுமாம்.

அப்படிச் சொன்ன அதே வாயால்தான் மகன் பிரஷர் மாத்திரையையும் நிறுத்தினான்.

டாக்டரே நிறுத்தச் சொன்னார் என்று ஒரு பொய்.

அன்றைக்கே மொட்டைமாடியில் நின்று, மும்பையில் இருக்கும் தங்கையிடம் போனில் குசுகுசுத்தான். மார்பில் புற்றுநோய் வந்த வயதான பெண்கள் சில பிரஷர் மாத்திரைகளைச் சாப்பிட்டால் தேறுவது கஷ்டம் என்று எங்கேயோ படித்தானாம்.

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவளிடமா ரகசியம்?

மாத்திரை ஏன் நின்றது என்று கேட்க மாடி ஏறியவளுக்கு நோயின் பெயரே கிடைத்துவிட்டது.

ஊரின் சாவுச் சேதி எத்தனையோ அவள் கை வழியாகத்தான் உரியவர்களுக்குப் போனது. கேட்கிறவன் தாங்குவானா என்று யோசித்து ஒருநாளும் அவள் லைனைத் துண்டித்ததில்லை. அவளுடைய சேதியை மட்டும் அவள் பெற்ற பிள்ளையே பாதியில் அமுக்கிவிட்டான்.

அன்று சாயங்காலமே மருந்துக்கடைக்குப் போனாள். தினமும் காலையில், திருட்டு சிகரெட் பிடிக்கும் கல்லூரிப் பையனைப் போல ஒளிந்து நின்று மாத்திரையை விழுங்கினாள்.

நோய் வந்ததில் வருத்தம் இருந்தது. கேட்காமல் முடிவெடுத்ததில் வந்த ஆத்திரம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

"டாக்டரம்மா, எனக்கு என்னன்னு இப்பச் சொல்லுங்க. ஏறுதான்னு பாத்துருவோம்."

டாக்டர் மகனைப் பார்த்தார்.

அங்கே பார்க்க வேண்டாம், கட்டி இருப்பது என் உடம்பில் என்றாள்.

டாக்டர் பேனாவை மூடிவைத்தார்.

புற்றுநோய் என்றார். இடது மார்பில். அறுத்து எடுக்க வேண்டும், அதற்குப் பிறகும் சிகிச்சை உண்டு. தேற வாய்ப்பு இருக்கிறது, சத்தியம் செய்ய முடியாது.

மாத்திரையைப் பற்றியும் கேட்டாள்.

அந்த ஆராய்ச்சிகளைத் தானும் படித்ததாக டாக்டர் சொன்னார். ஒன்று சொல்வதை இன்னொன்று மறுக்கிறது. மாற்ற வேண்டுமென்றால் நானே மாற்றித் தருவேன். நீங்களாக நிறுத்தினால் ஆபரேஷன் அன்று பிரஷர் எகிறி, திருப்பி அனுப்ப வேண்டிவரும். அதற்கு முன்பே பக்கவாதம்கூட வரலாம்.

சங்கரபாண்டியனின் முகம் வெளுத்துப்போனது.

கொஞ்ச நேரம் வெளுக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

ஜெபசெல்வியிடம் இப்போது அடி என்றாள்.

பட்டை உப்பிக் கையைக் கவ்வியது.

நெஞ்சு படபடத்தது. பயமாகத்தான் இருந்தது. சொல்லக் கேட்பது வேறு, ஒட்டுக்கேட்பது வேறு என்று அப்போதுதான் தெரிந்தது.

காற்று மெல்ல இறங்கியது.

கொஞ்சம் கூடத்தான் இருக்கிறது, பயப்படும் அளவுக்கு இல்லை என்றாள் ஜெபசெல்வி.

மகன் ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

"ஏறத்தாம்ல செய்யும். உசுரோட இருக்கம்லா."

மாத்திரையை ஒருநாள்கூட விடவில்லை என்று டாக்டரிடம் சொன்னாள். மருந்துச் சீட்டையும் ஆபரேஷன் தேதியையும் இனி தன்னிடமே தர வேண்டும் என்றாள்.

சங்கரபாண்டியன் அம்மாவையே பார்த்தான். அழுகையை அடக்கப் பார்த்தான், முடியவில்லை.

அவள் பட்டையைத் தானே பிரித்தாள்.

அவன் சட்டைக் கையை மேலே மடித்துவிட்டாள்.

"இவனுக்கும் ஒரு தடவ பாத்துரும்மா."