தோற்றவள் வீட்டு வாசல்

“நீ தோத்துட்டேன்னு இந்த ஜனங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?” குளியலறையிலிருந்தே கேட்டார் கணவர்.

வார்டு தேர்தலில் தோற்ற தையல்காரி, மெஷின் மேலேயே தாளை வைத்து, அன்றைக்கு ஏழாவது ஆளாக வாசலுக்கு வந்தவருக்கு மனு எழுதத் தொடங்கியிருந்தாள்.

“தெருவிளக்கு எத்தனை நாளா எரியலண்ணே?”

“மூணு வாரம்மா. ஆபீஸ்ல கேட்டா நாளைக்கு வான்னே சொல்றாங்க. நீ எழுதினா உடனே நடக்குதாமே!”

கணவருக்கு ஒரே குழப்பம். “இதுக்கெல்லாம் ஜெயிச்சவர்கிட்டப் போகச் சொல்லேன்!” என்று கத்தினார்.

வந்தவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“மனுவை யார் பேருக்கும்மா எழுதற?”

“வழக்கமா கவுன்சிலர் பேருக்குத்தான்.” அவள் பேனாவை நிறுத்தி அவரைப் பார்த்தாள். “உங்க மனுவை உங்களுக்கே எப்படிண்ணே எழுதறது?”